டிராமிசு: மஸ்கர்போனே முதல் கோகோ வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராமிசு என்ற இத்தாலிய இனிப்பை அவனில் வைத்து வேகவைப்பதில்லை. மேலே பூசி மறைக்க ஐசிங்கும் கிடையாது. உள்ளே போகிற ஐந்தாறு பொருள்கள் எப்படியோ, அப்படியேதான் நாக்குக்கு வந்து சேரும். அதனால் இந்தப் பக்கத்தில் செய்முறையைவிடப் பொருள்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களும், கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று ஏமாந்தவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

டிராமிசு என்றால் என்ன?

காபியில் நனைத்த மெல்லிய பிஸ்கட் ஓர் அடுக்கு. அதன்மேல் முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, மஸ்கர்போனே (க்ரீமைத் திரளவைத்துச் செய்யும் மிருதுவான இத்தாலியப் பால்பொருள்) மூன்றும் சேர்ந்த க்ரீம் ஓர் அடுக்கு. மறுபடியும் பிஸ்கட், மறுபடியும் க்ரீம். கடைசியில் இனிப்பில்லாத கோகோ தூள். இதைச் சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிரச் சாப்பிடுவார்கள்.

நல்ல டிராமிசுவில் நான்கு சுவைகள் தனித்தனியாகத் தெரியும். கோகோவின் வறண்ட கசப்பு முதலில் வரும், அப்புறம் க்ரீமின் பால் இனிப்பு, பிறகு காபி, கடைசியில் முட்டை பிஸ்கட்டின் மணம். எல்லாம் சேர்ந்து வெறும் இனிப்பாக மட்டும் தெரிந்தால் எங்கோ ஏதோ தவறியிருக்கிறது.

இது எங்கே பிறந்தது? பல நூற்றாண்டுப் பழமை உள்ளதா?

இல்லை, வயதில் மிகவும் இளைய இனிப்பு. அரண்மனைகளில் பரிமாறியது, மறுமலர்ச்சிக் காலத்திலேயே இருந்தது என்றெல்லாம் இணையத்தில் உலவும் கதைகளை நம்ப வேண்டாம்.

வடகிழக்கு இத்தாலியில், வெனிஸுக்கு அருகே ட்ரெவிசோ என்று ஒரு நகரம். வெனெட்டோ மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே லே பெக்கெரியே என்ற உணவகத்தில் 1972-ல் இது உணவுப் பட்டியலில் ஏறியது. உணவகத்தை நடத்தியவர் அடோ காம்பியோல். செய்முறையை உருவாக்கியவர்கள் அவர் மனைவி ஆல்பாவும், அங்கே சமையற்காரராக இருந்த ரொபெர்ட்டோ லிங்குவானொட்டோவும். வெனிலா ஐஸ்க்ரீமுக்காக மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் அடித்துக்கொண்டிருந்தபோது கொஞ்சம் மஸ்கர்போனே தவறி அதில் விழுந்தது, ருசித்துப் பார்த்ததில் தொடங்கியதுதான் எல்லாம் என்று லிங்குவானொட்டோ பின்னாளில் சொன்னார். அடோ காம்பியோல் 2021-ல் தம் 93-ஆம் வயதிலும், லிங்குவானொட்டோ 2024-ல் 81-ஆம் வயதிலும் காலமானார்கள். அந்தக் குடும்பம் இந்தச் செய்முறைக்குக் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. உலகம் முழுக்க இது இவ்வளவு சீக்கிரம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு முந்தைய வீட்டுப் பழக்கம். வெனெட்டோ வீடுகளில் மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்துக் குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தெம்புக்காகக் கொடுப்பார்கள். அதற்கு ஸ்பாட்டுடின் என்று பெயர். ஆல்பாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு அப்படிக் கொடுக்கப்பட்ட ஒன்றிலிருந்துதான் யோசனை வந்தது என்றும் அந்தக் குடும்பம் சொல்லியிருக்கிறது. "என்னைத் தூக்கி நிறுத்து" என்ற பொருளில் இந்த இனிப்புக்குப் பெயர் வந்தது இந்தப் பின்னணியில் பார்த்தால் எளிதாகப் புரியும்.

ட்ரெவிசோவைத் தவிர வேறு யாரும் உரிமை கோரவில்லையா?

கோருகிறார்கள், பலமாகவே. பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி வெனெட்சியா ஜூலியாவில், மலையடிவார ஊரான டொல்மெட்சோவில் ஒரு விடுதியை நடத்திய நோர்மா பியெல்லி என்ற பெண்மணி 1950-களிலேயே இதைப் பரிமாறினார் என்பது அவர்கள் வாதம். அதே மாநிலத்தின் பியெரிஸ் என்ற ஊரில் மரியோ கோசொலோ கோப்பையில் பரிமாறிய ஒரு குளிர் இனிப்பையும் முன்னோடியாகக் காட்டுகிறார்கள். 2017-ல் இத்தாலிய வேளாண் அமைச்சகத்தின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் டிராமிசு ஃப்ரியூலியின் பெயரில் சேர்க்கப்பட்டதும் வெனெட்டோ அரசியல்வாதிகள் கொதித்துப்போனார்கள்.

என் கணிப்பு இது: மஞ்சள் கரு, சர்க்கரை, காபி, பிஸ்கட் எல்லாம் அந்தப் பகுதி முழுக்கப் புழங்கிய பொருள்கள். ஒன்றுக்கொன்று நெருக்கமான இனிப்புகள் பல சமையலறைகளில் இருந்திருக்கும். இன்று நாம் சாப்பிடும் வடிவத்தை ஊரறியச் செய்தது ட்ரெவிசோ.

"அசல் செய்முறை" என்று எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இத்தாலியச் சமையல் அகாடமி 2010-ல் லே பெக்கெரியேயின் செய்முறையை நோட்டரி முன்னிலையில் பதிவு செய்தது. 12 மஞ்சள் கரு, அரை கிலோ சர்க்கரை, 1 கிலோ மஸ்கர்போனே, 60 சவோயார்டி என்ற விரல் நீள பிஸ்கட். காபியும் கோகோ தூளும் தேவையான அளவு. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் எதெல்லாம் இல்லை என்பதையும் கவனியுங்கள். வெள்ளைக் கரு இல்லை, விப்பிங் க்ரீம் இல்லை, மது இல்லை, வெனிலா எசன்ஸ் இல்லை. இத்தாலிய வீடுகளில் வெள்ளைக் கருவை அடித்துச் சேர்ப்பது இப்போது சர்வசாதாரணம். க்ரீம் லேசாகும், அளவும் பெருகும். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மஸ்கர்போனேயின் கனமான சுவையை முழுதாக அறிய ஒருமுறையாவது ட்ரெவிசோ வழியில் செய்து பாருங்கள்.

மஸ்கர்போனே என்பது சீஸா?

சீஸ் அலமாரியில் வைத்து விற்கிறார்கள், ஆனால் செய்யும் முறை வேறு. பெரும்பாலான சீஸ்களில் பாலை ரெனெட் என்ற நொதியால் உறைய வைப்பார்கள். பல சீஸ்களில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. மஸ்கர்போனேயில் பாலே கிடையாது, க்ரீம்தான். க்ரீமை 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சிட்ரிக் அமிலமோ டார்டாரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பார்கள். அமிலமும் சூடும் சேர்ந்து க்ரீமில் உள்ள கொஞ்சநஞ்சப் புரதத்தைத் திரள வைக்கும். கொழுப்பு அந்த வலையில் சிக்கிக்கொள்ளும். பிறகு துணியில் கட்டி நீரை வடித்தால் முடிந்தது. முதிர வைப்பதும் இல்லை, உப்பும் இல்லை.

பிறந்த இடம் லொம்பார்டி, மிலானுக்குத் தெற்கே லோடி, அப்பியாத்தெக்ராசோ பகுதி. மாட்டுப் பண்ணைகள் நிறைந்த சமவெளி. ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்பு இதைக் குளிர்காலத்தில் மட்டும்தான் செய்வார்கள், ஏனென்றால் சீக்கிரம் கெட்டுவிடும்.

இதில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கொழுப்பு. புளிப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, லேசான இயல்பான இனிப்பு இருக்கும். டிராமிசுவில் இதை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாததற்குக் காரணம் இந்த இரண்டும்தான். கொழுப்பு குளிரில் கெட்டியாகி க்ரீமைத் தாங்கி நிற்கும், அதனால் ஜெலட்டின் தேவைப்படுவதில்லை. புளிப்பில்லாததால் காபியோடு மோதாது.

சைவர்களுக்கும் இதில் சங்கடம் இல்லை, மரபுமுறையில் ரெனெட்டே சேர்ப்பதில்லை. இருந்தாலும் டப்பாவின் மேல் உள்ள பச்சைக் குறியைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மஸ்கர்போனேயை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், நன்றாகவே வரும். கடையில் விலை அதிகம் என்பவர்களுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. அரை லிட்டர் பால் க்ரீம் எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு 35 சதவீதம் இருந்தால் நல்லது. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 25 சதவீத ஃப்ரெஷ் க்ரீமிலும் வரும், ஆனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும், இன்னும் அதிக நேரம் வடிய வேண்டும். கொதிக்கும் நீரின் மேல் பாத்திரத்தை வைத்து, கிளறிக்கொண்டே 85 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, அதே சூட்டில் இன்னும் ஐந்து நிமிடம் மெல்லக் கிளறுங்கள். பனீர் போலப் பிரிந்து திரளாது. கரண்டியின் பின்புறத்தில் கனமாக ஒட்டும் அளவுக்கு இறுகினால் போதும். ஆறியதும் வெள்ளைத் துணி விரித்த வடிகட்டியில் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜிலேயே ஓரிரவு வடியவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

பால் க்ரீம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேக் கடைகள் வாங்கும் பல விப்பிங் க்ரீம்கள் பாலிலிருந்து வந்தவை அல்ல, எண்ணெய்ப்பனை சார்ந்த தாவரக் கொழுப்பும் சர்க்கரையும்தான். அவற்றில் மஸ்கர்போனே ஒருநாளும் வராது. டப்பாவின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் பால் காய்ச்சிச் சேர்த்த ஆடையும் வேண்டாம். அது ஏற்கெனவே லேசாகப் புளித்திருக்கும்.

க்ரீம் சீஸ், பனீர், கெட்டித் தயிர் போடலாமா?

பனீரை எவ்வளவு அரைத்தாலும் மணல் மணலாக இருக்கும். தயிர் புளிக்கும். க்ரீம் சீஸ் ஓரளவு கிட்டே வரும், ஆனால் அதில் உப்பும் புளிப்பும் உண்டு, அதனால் சீஸ்கேக் சுவை வந்துவிடும். வேறு வழியே இல்லை என்றால் க்ரீம் சீஸும் அடித்த பால் க்ரீமும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். நல்ல இனிப்பாக வரும், டிராமிசு ஆகாது.

க்ரீம் திரிந்து தண்ணீராகிவிட்டது. ஏன்?

அநேகமாக அதிகமாக அடித்திருப்பீர்கள். மஸ்கர்போனேயில் கொழுப்பு அவ்வளவு அதிகம். எலெக்ட்ரிக் பீட்டரில் ஒரு நிமிடம் கூடுதலாக ஓடினாலும் வெண்ணெய் தனியே, நீர் தனியே பிரிந்துவிடும். மோர் கடைந்து வெண்ணெய் எடுக்கும்போது நடப்பதும் இதுதான். திரிந்துபோனதைத் திரும்பச் சேர்க்க முயன்று இன்னும் அடித்தால் இன்னும் பிரியும்.

டப்பாவிலிருந்து எடுத்த மஸ்கர்போனேயை முதலில் கரண்டியால் பிசைந்து கட்டியில்லாமல் தளர்த்துங்கள். பிறகு மஞ்சள் கருக் கலவையை மூன்று தடவையாகச் சேர்த்து, கையாலேயே மடித்துக் கலக்குங்கள். மஞ்சள் கருக் கலவை முழுதாக ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மஸ்கர்போனே உருகி ஓடும். ஐரோப்பியச் செய்முறைகளில் மஸ்கர்போனேயை ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள். சென்னை வெயிலில் அதைச் செய்யாதீர்கள், பத்து நிமிடம் தாராளம்.

சவோயார்டி பிஸ்கட் என்பது எது?

விரல் நீளத்துக்கு, மேலே சர்க்கரை தூவி, கையில் எடுத்தால் கனமே தெரியாத பிஸ்கட். சவோய் அரச குடும்பத்தின் பெயரால் வழங்குகிறது, அந்தக் குடும்பத்தின் அரண்மனைச் சமையலறையில் பிறந்ததாகச் சொல்வார்கள். மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் தனித்தனியாக அடித்து மாவோடு மடித்துச் சேர்ப்பதால் உள்ளே நிறையக் காற்று. வெண்ணெய் கிடையாது. வெண்ணெய் இல்லாமலும் நன்றாக உலர்ந்தும் இருப்பதால்தான் காபியை உடனே இழுத்துக்கொள்ளும், இழுத்தபிறகும் உருவம் கலையாமல் படுத்திருக்கும்.

பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள், மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். மெத்தென்று கேக் போல இருக்கும் வகையும் விற்கிறார்கள், அது இதற்கு ஆகாது. இத்தாலியிலேயே சிலர் இன்னும் மெலிதான பவேசினி பிஸ்கட்டை எடுப்பார்கள். சவோயார்டியில் முட்டை இருப்பதால் நம் நாட்டு விதிப்படி பாக்கெட்டில் பழுப்பு நிறக் குறி இருக்கும்.

ரஸ்க், மேரி பிஸ்கட், கேக் துண்டு?

சவோயார்டி கிடைக்காவிட்டால் சாதாரண முட்டை ஸ்பாஞ்ச் கேக்கை விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, 150 டிகிரி அவனில் இருபது நிமிடம் போல உலர்த்துங்கள். இதுதான் சிறந்த மாற்று. ரஸ்க்கில் ஏலக்காய் இருக்கும், காபியை மெதுவாகத்தான் உறிஞ்சும், நடுவில் கடினமாகவே நின்றுவிடும். மேரி பிஸ்கட் ஒரே இரவில் கூழாகிவிடும்.

பிஸ்கட்டை எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும்?

ஒரு பக்கம் ஒரு நொடி, திருப்பி இன்னொரு நொடி. அவ்வளவே. எடுக்கும்போது "உள்ளே நனையவே இல்லையே" என்று தோன்ற வேண்டும். ஃப்ரிட்ஜில் இருக்கும் நேரத்தில் வெளிப்புறக் காபி நடுவுக்குப் போய்விடும், க்ரீமின் ஈரமும் இறங்கும். முதல் முறை செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். தட்டின் அடியில் காபி குளமாக நின்றால் அதிகம் நனைத்திருக்கிறீர்கள். காபி ஆறியிருப்பதும் முக்கியம், சூடான காபியில் பிஸ்கட் கையிலேயே உடையும்.

நம் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் சரிவருமா?

அருமையாக வரும், ஒரே நிபந்தனையோடு. இத்தாலிய வீடுகளில் டிராமிசுவுக்கு எடுப்பது பெரும்பாலும் மோக்கா பாத்திரத்துக் காபி. ஆல்ஃபோன்சோ பியாலெட்டியின் பெயரோடு 1933-ல் வந்த அந்த எண்கோண அலுமினியப் பாத்திரம் இன்றும் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதில் இறங்கும் காபியின் அடர்த்திக்கு நம் முதல் டிகாக்‌ஷன் குறைந்ததல்ல.

நிபந்தனை சிக்கரி. கடைகளில் 80-க்கு 20, 60-க்கு 40 என்று கலந்து தரும் தூளில் சிக்கரியின் கருகிய கசப்பும் வழவழப்பும் தூக்கலாகத் தெரியும். பால் சேர்த்துக் குடிக்கும்போது அது இதமாக இருக்கும். மஸ்கர்போனே, கோகோ இரண்டுக்கும் நடுவே அது கரடுமுரடாக நிற்கிறது. சிக்கரி இல்லாத தூள் வாங்கி, முதல் டிகாக்‌ஷனை மட்டும் எடுத்து, மிகவும் அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் வெந்நீர் விட்டு ஆறவையுங்கள். பீபரியோ அரபிகாவோ உங்கள் விருப்பம். காபியில் சர்க்கரை போட வேண்டியதில்லை, இனிப்பு க்ரீமிலேயே போதுமான அளவு இருக்கிறது.

ஒரு சேதியும் சொல்ல வேண்டும். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்பது இத்தாலி. எஸ்ப்ரெஸோவின் மேல் படியும் பொன்னிற நுரைக்காக நம் ரொபஸ்டா வகைக் காபி அங்கே கலவையில் சேர்கிறது. ஆகவே நம் மலைக் காபியில் டிராமிசு செய்வது புதுமையே இல்லை, அங்கேயும் ஓரளவு அதுதான் நடக்கிறது.

இன்ஸ்டன்ட் காபியும் போடலாம். கொஞ்சம் தூக்கலாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை முட்டையா? பயமாக இருக்கிறதே.

பயம் நியாயமானதுதான். பழைய செய்முறையில் மஞ்சள் கரு பச்சையாகத்தான் போகிறது. சால்மொனெல்லா கிருமி இருக்கும் வாய்ப்பு குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. நம் ஊர்க் கடைகளில் பாஸ்டரைஸ் செய்த முட்டை எளிதாகக் கிடைப்பதும் இல்லை. அதனால் சூடாக்கிச் செய்வதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

அகலமான கிண்ணத்தில் மஞ்சள் கருவும் சர்க்கரையும் போட்டு, லேசாகக் கொதிக்கும் நீரின் மேல் வையுங்கள். கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. கையை நிறுத்தாமல் விஸ்க்கால் அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் தளர்ந்து நீர்க்கும், பிறகு வெளுக்கும், அப்புறம் நுரைத்துப் பெருகும். சமையல் வெப்பமானி 71 டிகிரியைத் தாண்டிக் காட்ட வேண்டும், 75 வரை போகலாம். கை நின்றால் ஓரத்தில் முட்டைப் பொரியலாகிவிடும். இறக்கி, ஆறும்வரை இன்னும் அடியுங்கள். இத்தாலியர்களின் சபயோனே என்ற இனிப்பும் இதே வழிதான், எனவே இதனால் சுவை எதையும் இழப்பதில்லை. எனக்கு இந்த முறையில் வரும் க்ரீமே பச்சை முட்டை க்ரீமைவிடப் பட்டுப்போல் இருப்பதாகத் தோன்றுகிறது.

தொழில்முறை இனிப்புக் கலைஞர்கள் 121 டிகிரிக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகை, சுழலும் மஞ்சள் கருவில் மெல்லிய தாரையாக ஊற்றிச் செய்வார்கள். வீட்டில் மூன்று முட்டைக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

முட்டையே இல்லாமல்?

மஸ்கர்போனேயோடு, அதில் பாதி அளவு பால் விப்பிங் க்ரீமை அடித்து மடித்துச் சேர்த்தால் நல்ல க்ரீம் வரும். முட்டை தரும் ஆழம் இருக்காது, ஆனால் காபியும் கோகோவும் நன்றாக இருந்தால் குறை தெரியாது. பிஸ்கட்டுக்குப் பதில் முட்டையில்லாத ஸ்பாஞ்சை மேலே சொன்னபடி உலர்த்திக்கொள்ளுங்கள்.

மது சேர்த்தால்தான் டிராமிசுவா?

இல்லை. பதிவு செய்யப்பட்ட செய்முறையிலேயே மது கிடையாது என்று பார்த்தோம். பலர் சேர்ப்பது மார்சாலா, சிசிலியின் மேற்குக் கரையில் உள்ள அதே பெயர் ஊரின் ஒயின். 1773-ல் ஜான் உட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர், கடல் பயணத்தில் கெடாதிருக்கச் சாராயம் சேர்த்து அனுப்பியதில் இருந்து இது வெளிநாடுகளில் பெயர் பெற்றது. ரம், பாதாம் மணமுள்ள அமரெத்தோ மது ஊற்றுபவர்களும் உண்டு. சுவையில் ஒரு சூடு சேரும், உண்மைதான். ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் காபியை விழுங்கிவிடும். மது வேண்டாதவர்கள் எதையும் பதிலுக்குத் தேட வேண்டாம், ரம் எசன்ஸை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

கோகோ எப்போது தூவ வேண்டும்?

பரிமாறும் முன். முந்தைய நாளே தூவினால் ஈரம் ஏறிக் கறுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். சர்க்கரை கலந்த டிரிங்கிங் சாக்லேட் தூள் கூடவே கூடாது, அந்தக் கசப்புக்காகத்தான் கோகோ. டச்சு முறையில் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய தூள் புளிப்புக் குறைவாக, நிறம் ஆழமாக இருக்கும். நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

ஆறு பேருக்கு எவ்வளவு எடுக்க?

பதிவு செய்யப்பட்ட அளவை நான்கால் வகுத்தால் வீட்டுக்குப் பொருந்தும்: 3 மஞ்சள் கரு, 250 கிராம் மஸ்கர்போனே, 15 சவோயார்டி. கணக்குப்படி சர்க்கரை 125 கிராம் வரும். அது இன்றைய நாக்குக்கு அதிகம். 80 கிராம் போதும் என்பது என் அனுபவம். காபி 200 மில்லி எடுத்தால் மிச்சம் இருக்கும்.

மீதியாகும் மூன்று வெள்ளைக் கருவை மறுநாள் ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்.

எவ்வளவு நேரம் குளிர வேண்டும்? எத்தனை நாள் வைக்கலாம்?

குறைந்தது நான்கு மணி நேரம், ஓரிரவு என்றால் நல்லது. இரண்டாம் நாள்தான் சுவை உச்சத்தில் இருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

குளிர் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. 1996-ல் இத்தாலியில் கடையில் விற்ற மஸ்கர்போனேயால் 8 பேருக்குப் பொட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய் வந்து, ஒருவர் இறந்தார். விற்பனை வழியில் எங்கோ குளிர்ச்சங்கிலி அறுந்ததே காரணமாகக் கருதப்பட்டது. மஸ்கர்போனேயில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை. வாங்கும்போது குளிர்பெட்டியில் இருந்ததா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். விருந்தில் பரிமாறும்போது ஒரே தட்டை மேசையில் நெடுநேரம் விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள்.

ஃப்ரீசரில் வைக்கலாமா என்றால், கோகோ தூவாமல் இறுக்கமாக மூடி இரண்டு மூன்று வாரம் வைக்கலாம். ஃப்ரிட்ஜுக்கு மாற்றி ஓரிரவு மெதுவாக இளக விட வேண்டும்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடலாமா?

பச்சை முட்டை சேர்த்ததைக் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தவிர்க்க வேண்டும். மது கலந்ததைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே கூடாது. சூடாக்கிய முட்டையில், மது இல்லாமல் செய்ததில் மிஞ்சுவது காபி மட்டும்தான். குழந்தைகளுக்கு இத்தாலிய வீடுகளில் வறுத்த பார்லி காபியில் நனைப்பார்கள். நாம் கஃபைன் நீக்கிய காபியையோ கோகோ கலந்த பாலையோ எடுத்துக்கொள்ளலாம்.

மாம்பழ டிராமிசு, பிஸ்தா டிராமிசு எல்லாம் சரியா?

இத்தாலியிலேயே ஸ்ட்ராபெரி, பிஸ்தா வகைகள் நிறைய. ட்ரெவிசோவில் 2017 முதல் நடக்கும் டிராமிசு உலகக்கோப்பையில் அசல் வகைக்கு ஒன்று, புதுமை வகைக்கு ஒன்று எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மஸ்கர்போனே க்ரீமும் நனைத்த பிஸ்கட்டும் இருக்கும்வரை எனக்கு மனத்தடை இல்லை. மாம்பழம் போடுவதாக இருந்தால் கோகோவை விட்டுவிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. பழத்தின் நீரும் இறங்கும் என்பதால் அன்றே சாப்பிட்டுவிடுவது நல்லது.

உணவகத்தில் தருவது உண்மையான டிராமிசுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கரண்டியால் ஒரு வாய் வெட்டுங்கள். பிஸ்கட் அடுக்கு ஈரமாக, ஆனால் அடுக்காகவே தெரிய வேண்டும். க்ரீம் வெள்ளை வெளேர் என்று இல்லாமல் லேசான மஞ்சள் சாயலோடு இருந்தால் முட்டை சேர்த்த அறிகுறி. வாயில் போட்டதும் க்ரீம் கரைந்து மறைய வேண்டும். அண்ணத்தில் மெழுகாக ஒட்டினால் அது தாவரக் கொழுப்பு விப்பிங் க்ரீம். காபி எசன்ஸ் தடவிய ஸ்பாஞ்சின்மேல் அந்த க்ரீமை அடுக்கி டிராமிசு என்று விற்பது இங்கே சாதாரணமாகிவிட்டது. அதைச் சாப்பிட்டு இந்த இனிப்பையே வெறுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆர்டர் செய்யும் முன் பரிமாறுபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மஸ்கர்போனே போடுகிறீர்களா, இன்று செய்ததா நேற்று செய்ததா? முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று வந்து, இரண்டாவதற்கு "நேற்று ராத்திரி" என்று பதில் வந்தால் தைரியமாகச் சொல்லுங்கள்.